கரிசல் குடிக்காத தண்ணீர்

சாயங்காலம் ஐந்து, ஐந்தரை மணிக்கு ஏழாயிரம்பண்ணை சுற்றுவட்டார ஊர்களில் 'ஆபீஸ்' வேன்கள் வந்து நிற்கும். ஆபீஸ் என்றதும் மேஜை, நாற்காலியை நினைத்துவிட வேண்டாம். இந்தப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் பெயர் பயர் ஆபீஸ். தீப்பெட்டி ஆலைக்குப் பெயர் தீப்பெட்டி ஆபீஸ். இறங்கி வருகிற கூட்டத்தில், மருந்துக் கலவையிலும் மருந்து செலுத்துகிற அறையிலும் வேலை பார்த்தவர்களை விசாரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம். காது மடலில், நகக்கண்ணில், கழுத்து மடிப்பில் அலுமினியப் பவுடர் வெள்ளிப் பூச்சாக அப்பிக் கிடக்கும். வீட்டுக்கு வந்தால் முதல் வேலை குளியல். பிள்ளையைத் தூக்குவது, காபி குடிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் குளியல் தண்ணீரைப் பற்றியது.

முதல் செம்பு தலையிலிருந்து இறங்கும்போது தண்ணீர் சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில் ஓடும். நாலைந்து செம்புக்குப் பிறகு சோப்பு நுரை ஏறி, நிறம் மங்கும். சுவரில் பதித்த இரண்டரை அங்குலக் குழாய் வழியே அது தெருவுக்கு வந்து வாறுகாலில் விழும். பக்கத்து வீட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் அதோடு சேரும், எதிர்வீட்டுத் துணி துவைத்த தண்ணீர் சேரும். மளிகைக்கடை வாசலில் ஒரு பாலித்தீன் பை குறுக்கே மாட்டி, தண்ணீர் கொஞ்சம் தேங்கி, பையின் மேலேறித் தாண்டிப் போகும். தெரு முடிகிற இடம் வரை சிமென்ட் வாறுகால் ஒழுங்காக இருக்கும். அதற்கப்புறம் வாறுகால் இல்லை. கட்டுகிற மதிப்பீடு அதோடு முடிந்துவிட்டது. தண்ணீர் மட்டும் முடியவில்லை.

அது அப்படியே கறுப்பு மண்ணில் பரவி, குட்டையாக நின்று, பச்சை பிடித்து, கொசு வளர்க்கத் தொடங்கும். கரையில் சீமைக் கருவேல மரங்கள் அடர்ந்திருக்கும். பன்றிகள் படுத்துக் கிடக்கும்.

சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி என்ற மூன்று ஊர்களுக்கும் நடுவாந்திரமாகக் கிடக்கிறது ஏழாயிரம்பண்ணை. வரலாறு படித்தவர்களுக்கு இது பாளையக்காரர் ஊர். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது, கட்டபொம்மனோடு நின்றதற்காகக் கும்பெனியார் பறிமுதல் செய்த பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. செய்தித்தாள் படிப்பவர்களுக்கோ இந்தப் பெயர் வெடிவிபத்தோடுதான் நினைவுக்கு வரும். 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் மந்திரி வருகிறார், கேமரா வருகிறது. மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் ஊரில் நடக்கிற சங்கதிகளில் ஒன்று, தெருக்கோடியில் தண்ணீர் நிற்பது. அதற்கு யாரும் வருவதில்லை.

ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். தண்ணீருக்குத் தவித்த காலத்தில் இந்த ஊர்களில் சாக்கடைப் பிரச்சினை பெரிதாக இருந்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பூமி இது. ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். குடத்தை இடுப்பில் வைத்து நடந்து கொண்டுவந்த தண்ணீரை யாரும் ஒரே தடவையில் கொட்டிவிடுவதில்லை. அரிசி கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியின் மிச்சமும் கழுநீர்ப் பானைக்குப் போகும், அங்கிருந்து மாட்டுத் தொட்டிக்கு. குளித்த தண்ணீர் கொல்லையில் நிற்கும் வாழைக்கும் முருங்கைக்கும். வாறுகாலுக்கு வந்து சேர என்ன மிச்சம் இருந்திருக்கும்?

பிறகு தாமிரபரணி வந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஆற்று நீரை விருதுநகர் மாவட்டம் வரை குழாயில் இழுத்து வந்தன. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே வருகிற தண்ணீர் வெளியே போயாக வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வரும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கூடவே குளியல், துவையல், பாத்திரக் கழிவாக வெளியேறும் என்பது பொதுவான கணக்கு. ஐயாயிரம் பேர் இருக்கும் ஊரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2,75,000 லிட்டர் உள்ளே. 70 சதவீதம் என்று வைத்தால், ஏறத்தாழ 1,90,000 லிட்டர் வெளியே. ஆறாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரிகள் முப்பத்திரண்டு, தினமும் தெருக்கோடியில் வந்து கவிழ்த்துவிட்டுப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். இதற்கிடையில் மாடுகள் குறைந்துவிட்டன. கொல்லைகளில் சிமென்ட் தளம் வந்துவிட்டது. கழுநீர்ப் பானை உடைந்த வருஷம் எதுவென்று யாரும் குறித்துவைக்கவில்லை.

அரசாங்கம் இதற்கு மருந்து வைத்திருக்கிறது. உறிஞ்சு குழி. மூன்றடி நீளம், அகலம், ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, அடியில் பெரிய கல், அதற்கு மேல் நடுத்தரம், மேலே சின்ன ஜல்லி என்று நிரப்பி, வீட்டுக் கழிவுநீர்க் குழாயை அதற்குள் விட்டுவிடுவது. தனி வீட்டுக்கு ஒன்று, நாலு வீட்டுக்குப் பொதுவாகச் சமுதாய உறிஞ்சு குழி, தெருக்குழாயடியில் ஒன்று என்று நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க இவை தோண்டப்பட்டன. காவிரிக் கரையின் வண்டல் மணலிலும், தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மண்ணிலும் இது அருமையான ஏற்பாடு. தண்ணீர் போன இடம் தெரியாது.

கரிசல் வேறு ஜாதி மண். அதில் களிமண் பங்கு பாதியளவுகூட இருக்கும். நனைந்தால் அந்தக் களி தண்ணீரைக் குடித்து ஊதி, தன் துவாரங்களைத் தானே அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், கை நுழைகிற அளவுக்கு. இதில்தான் உறிஞ்சு குழியின் வேடிக்கை இருக்கிறது. நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில், மாசி பங்குனி வெயிலில் மண் பிளந்து கிடக்கும்போது குழி வெட்டப்படுகிறது. ஒரு குடம் ஊற்றினால் விர்ரென்று இறங்கிவிடும். பலகை நட்டுப் போட்டோ எடுத்தாகிவிடும். மாதக்கணக்கில் தினமும் தண்ணீர் பாய்ந்து, ஐப்பசி மழையும் சேர்ந்தால், வெடிப்பெல்லாம் மூடி, குழி தொட்டியாகிவிடும். தொட்டி நிறைந்தால் வழிந்து வாசலுக்கு வரும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நாலு பேர் குடும்பம் நாளொன்றுக்கு வெளியேற்றும் கழிவுநீர் 150 லிட்டர் சுமார். ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழிக்கு நாலு பக்கச் சுவரும் சேர்ந்து நாலு சதுர மீட்டர். மணற்பாங்கான மண் சதுர மீட்டருக்குத் தினம் 50 லிட்டர் குடிக்கும், களிமண் 10 லிட்டர்தான் குடிக்கும் என்று பொறியியல் கையேடுகள் சொல்கின்றன. அப்படியானால் மணலில் 200 லிட்டர் வரை உள்ளே போகும், 150 ஒரு பொருட்டே இல்லை. களியில் போவது 40. மிச்சம் 110 லிட்டர் எங்கே போகும்? ஜல்லிகளுக்கு நடுவே இருக்கும் காலியிடம் நாலு நாளைக்குத் தாங்கும். ஐந்தாம் நாள் தெரு.

இது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470, குழி வெட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிக்கச் சொல்கிறது. சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சாண் அகலத்தில் குழி தோண்டி, மண்வெட்டி இழைத்த பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் சரளை போட்டு, தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். விஷயமே இந்த ஊறவிடுவதில்தான் இருக்கிறது. களி ஊதுவதென்றால் ராத்திரியே ஊதிவிடும், பங்குனி வெடிப்பின் ஏமாற்று அதோடு தீர்ந்தது. காலையில் தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்து, ஒரு குச்சியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறதென்று பார்க்க வேண்டும். முப்பது நிமிஷத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி போடலாம். அறுபது வரை என்றால் நீளமாகப் பரவவிடும் கால்வாய்தான். அறுபதைத் தாண்டினால் மண்ணை நம்பாதே, வேறு வழி பார் என்கிறது தரநிலை. செலவு, ஒரு ராத்திரியும் இரண்டு குடம் தண்ணீரும். உறிஞ்சு குழி தோண்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்த ஊராட்சிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கரிசல் மண்ணில் உறிஞ்சு குழியே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. மகாராஷ்டிரத்தின் நாந்தேட் மாவட்டமும் கறுப்பு மண் பூமிதான். அங்கே டெம்பூர்ணி போன்ற கிராமங்களில் வீட்டுக்கு வீடு 'மேஜிக் பிட்' போட்டு, திறந்த சாக்கடையை மூடி, கொசுவை ஒழித்துக் காட்டினார்கள். நாட்டின் பல மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் போய்ப் பார்த்து வந்தார்கள். சூட்சுமம் அடிமண்ணில் இருக்கிறது. தக்காணத்துக் கரிசலுக்குக் கீழே பல இடங்களில் சிதைந்த எரிமலைப் பாறை, அவர்கள் பாஷையில் 'முரம்', சல்லடை மாதிரிக் கிடக்கிறது. குழி கரிசலைத் தாண்டி அதைத் தொட்டுவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும். நம் பக்கம் கரிசலுக்கு அடியில் சுக்கான்கல் கிடக்கும் இடமும் உண்டு, எவ்வளவு தோண்டினாலும் கறுப்பு மாறாத இடமும் உண்டு. எந்தத் தெருவில் எது என்று மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஊரில் கிணறு வெட்டின பெரியவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

பணம் வருகிற விதத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், ஐயாயிரம் பேர் வரை உள்ள கிராமத்துக்குக் கழிவுநீர் மேலாண்மைக்காகத் தலைக்கு அதிகபட்சம் 280 ரூபாய். ஐயாயிரத்தைத் தாண்டினால் 660. அதாவது சரியாக ஐயாயிரம் பேர் இருந்தால் 14 லட்சம். அன்று ராத்திரி ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் 33 லட்சம்! பெரிய ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம், சின்ன ஊருக்கு உறிஞ்சு குழி என்ற எண்ணம் அந்தக் கணக்கிலேயே புதைந்திருக்கிறது. மண்ணின் நிறத்துக்கு அதில் பத்தி இல்லை. இந்தத் தொகையிலும் 30 சதவீதம் ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்திலிருந்து வர வேண்டும். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தெருக்கோடித் தண்ணீருக்காக யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதே ஊருக்குக் குழப்பமாகிப்போனது.

கழிப்பறைக் கதை இதைவிடச் சிக்கல். வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்துக் கட்டிய கழிப்பறைகளுக்கு அரசு பரிந்துரைத்தது இரட்டைக் குழி. ஒன்று நிறைந்ததும் மற்றதுக்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டு வருஷம் மூடி வைத்தால் எருவாகிவிடும். உள்ளே இருக்கும் நீர் மண்ணுக்குள் கசிந்தால்தான் இது நடக்கும். கரிசலில் கார்த்திகை மாதம் குழியில் நீர்மட்டம் ஏறி, கோப்பையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் எதிர்த்து நிற்கும். சொந்தப் பணத்தில் பெரிதாக 'செப்டிக் டேங்க்' கட்டியவர்களுக்கும் நிம்மதியில்லை. பல வீடுகளில் அது அடித்தளம் போடாத ஒற்றைத் தொட்டி. பெயர்தான் செப்டிக் டேங்க்.

அந்தப் பெயருக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பிரான்சில் வெசூல் என்ற ஊரில் லூயி முரா என்பவர் தன் வீட்டுக் கழிவுக்கு மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், மலையாகக் குவிந்திருக்க வேண்டிய சகதி சொற்பம்தான், மற்றதெல்லாம் திரவமாகியிருந்தது. காற்றில்லாத இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருந்தன. 1881-இல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பதினைந்து வருஷத்துக்குள் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரான் அதற்கு 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். முரா தொட்டியிலும் அடிச்சகதி மிஞ்சவே செய்தது. அதை எடுத்தாக வேண்டும். இங்கே எடுப்பது, டேங்கரும் மோட்டாரும் வைத்த கழிவுநீர் லாரி. எடுத்ததை எங்கே கொட்டுகிறது என்று கேட்கக் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஓடைப் பாலத்தில் லாரி நின்றால், டிரைவர் நிலா பார்க்கவா நிற்கிறார்?

2014-இல் தமிழ்நாடு அரசு கழிவுச் சகதிக்கென்று வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. 2017-இல் மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கருங்குழியில் மாநிலத்தின் முதல் கழிவுச் சகதி சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 23 கனமீட்டர் கொள்ளளவு, அதாவது நாலைந்து லாரி. கருங்குழி, மதுராந்தகம் இரண்டு ஊர்களின் தொட்டிகளும் அதை நம்பி நிற்கின்றன. லாரி வந்து கொட்டுவதை மணற்படுகையில் வெயிலில் காயவைக்கிறார்கள், வடிந்த நீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். மின்சாரம் தின்னும் ராட்சச யந்திரம் எதுவும் இல்லை. கிராமங்கள் ஒவ்வொன்றும் இப்படிக் கட்ட வேண்டியதில்லை, பக்கத்து நகரத்து நிலையத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்பதே இப்போதைய திட்டமும். லாரிக்காரருக்கு டீசல் கட்டுப்படியாகிற தூரத்தில் நிலையம் இருந்தால்தான் ஓடைப் பாலத்துக்கு விடிவு.

லாரி கிடைக்காத இடத்தில் ஆளை இறக்குகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் வந்த பிறகும் பத்திரிகையில் அந்தச் செய்தி நின்றபாடில்லை.

கரிசல் தண்ணீரைக் குடிக்காது என்று இவ்வளவு நேரம் குறைப்பட்டாயிற்று. அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் என்ன? குடிக்காத மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இந்த ஊர்களின் கண்மாய்களும் ஊருணிகளும் சிமென்ட் பூசாமல், பிளாஸ்டிக் விரிக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் தண்ணீரைத் தாங்கியது அந்தக் களியின் புண்ணியத்தில்தான். உறிஞ்சு குழியைக் கவிழ்க்கும் அதே குணம், கழிவுநீர்க் குளத்துக்கு இலவசத் தளம் போட்டுக் கொடுக்கிறது.

பொறியாளர்கள் இதை நிலைப்படுத்தும் குளம் என்பார்கள். பெயர்தான் பெரிது, சங்கதி எளிது. முதல் குளம் ஆழமாக இருக்கும், அங்கே முராவின் நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் சகதியைத் தின்னும். இரண்டாவது குளம் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் பரந்து கிடக்கும். வெயில் பட்டுப் பாசி வளர்ந்து, பாசி விடுகிற ஆக்சிஜனில் வேறு வகை நுண்ணுயிர்கள் மிச்ச அழுக்கைக் கரைக்கும். மூன்றாவது, ஆழம் குறைந்த கடைசிக் குளம். அங்கே சூரியனே கிருமியைக் கொல்லும். மோட்டார் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். வெயிலும் நாட்களும் வேண்டும். வெயிலுக்கு விருதுநகர் மாவட்டத்தில் என்ன பஞ்சம்? நாம் கணக்குப் போட்ட ஐயாயிரம் பேர் ஊரின் 190 கனமீட்டரைப் பதினைந்து நாள் நிறுத்திவைக்க 2,850 கனமீட்டர் இடம் தேவை. ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 47 சென்ட். கரைகளையும் சேர்த்தால் முக்கால் ஏக்கர், மிஞ்சினால் ஒரு ஏக்கர். தெருக்கோடியில் ஏற்கெனவே நிற்கிற குட்டை பல ஊர்களில் அந்த அளவுக்கு இருக்கிறது. ஒழுங்கில்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் செய்து காட்டிய ஊர் பஞ்சாபில் இருக்கிறது. ஜலந்தர் மாவட்டத்துச் சீச்சேவால். பல்பீர் சிங் என்ற சீக்கியத் துறவி 2000-ஆம் ஆண்டில் ஆட்களைக் கூட்டி, 160 கிலோமீட்டர் நீளமுள்ள காலி பேய்ன் ஆற்றை ஆகாயத்தாமரையும் சாக்கடையும் நீக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கினார். ஆற்றங்கரையில் இருந்த ஊர்களின் கழிவுநீர் விழுந்துகொண்டே இருந்தால் எத்தனை நாள் அள்ளுவது? கழிவுநீரை ஊருக்குள்ளேயே மடக்க வேண்டியிருந்தது. நிலத்தடிக் குழாயில் கழிவுநீர் அடுத்தடுத்த மூன்று கிணறு போன்ற தொட்டிகளுக்கு வரும். கனமானது அடியில் தங்கும், மிதப்பது மேலே நிற்கும், நடுத் தண்ணீர் அடுத்த தொட்டிக்கு நகரும். பிறகு குளம். குளத்திலிருந்து பம்பு வைத்து வயலுக்கு. கோதுமைக்குப் போகிற தண்ணீரில் சத்து இருப்பதால் உரச்செலவும் குறைந்தது. 2006-இல், குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் ஆற்றங்கரை ஊரான சுல்தான்பூர் லோதிக்கே நேரில் போய் அந்த ஆற்றைப் பார்த்தார். பல்பீர் சிங்குக்கு 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பஞ்சாபின் பல கிராமங்கள் 'சீச்சேவால் மாடல்' என்று பெயர் சொல்லியே குளம் வெட்டிக்கொண்டன.

பஞ்சாப் தூரம் என்றால் தவளக்குப்பம் பக்கம்தான். அங்கே இருக்கும் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீர் முழுவதையும் வளாகத்துக்குள்ளேயே சுத்தம் செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறது. தடுப்புச் சுவர்கள் வைத்த மூடிய தொட்டியில் தண்ணீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கி வரும். அடுத்து ஜல்லிப் படுகை, அதன் மேல் செடிகள். கடைசியில் வெயில் படும் திறந்த குளம். நோயாளிகளுக்கு அது கழிவுநீர் நிலையமென்றே தெரியாது. அரவிந்த் மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி பிறந்தது எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம் என்பது இங்கே சும்மா ஒரு தகவல். கரிசல்காரர்.

ஜல்லிப் படுகையில் வளர்க்க வெளிநாட்டுச் செடி தேட வேண்டாம். கல்வாழை, சம்பு, நாணல், வெட்டிவேர் எல்லாம் நனைந்த வேரோடு வாழத் தெரிந்தவை. கல்வாழை பூத்தால் தெருக்கோடிக்கே ஒரு களை வந்துவிடும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஏழாயிரம்பண்ணைக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. அது அந்த வெள்ளி நிறக் குளியல் தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. அலுமினியப் பவுடர் கண்ணுக்குத் தெரியும், கனமானது, தொட்டியில் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது பெர்க்ளோரேட். சில வகைப் பட்டாசுகளில் ஆக்சிஜன் கொடுக்கச் சேர்க்கிற உப்பு. தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்து, மண்ணில் ஒட்டாமல், நிலத்தடி நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். உடலுக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பங்கேற்று வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தென்னிந்தியாவில் எடுத்த 60 நிலத்தடி நீர் மாதிரிகளில் பல, அமெரிக்கா குடிநீருக்கு வைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் அளவைத் தாண்டியிருந்தன. பட்டாசு ஆலைகள் இருக்கும் பகுதியில்தான் அளவு அதிகம். குழாய்த் தண்ணீரில் அது மிகச் சொற்பமே இருந்தது என்பது ஒரு ஆறுதல்.

ஆகவே, கழிவுநீரை உறிஞ்சு குழியில் மண்ணுக்குள் இறக்குவதோ, போர்வெல்லுக்குப் பக்கத்தில் குளம் வெட்டுவதோ இங்கே யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. ஆலைத் தரையைக் கழுவிய தண்ணீரும் வீட்டு வாறுகால் தண்ணீரும் ஒரே குளத்தில் சேரவே கூடாது. ஆலைத் தண்ணீருக்கு ஆலைக்குள்ளேயே வழி செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் ஆலையிலேயே குளித்துவிட்டு, மாற்றுத்துணியில் வீடு திரும்ப வசதி இருந்தால், வெள்ளிப் பூச்சு ஊர் வாறுகாலுக்கு வரவே வராது. பிள்ளையைத் தூக்கக் காத்திருக்கவும் வேண்டாம். இதில் இயற்கை ஒரு சின்ன சலுகையும் கொடுத்திருக்கிறது. காற்றில்லாத சகதியில், தின்னக் கரிமப் பொருள் கிடைத்தால், பெர்க்ளோரேட்டைச் சாதாரண குளோரைடாக உடைக்கிற நுண்ணுயிர்கள் உண்டு. கழிவுநீர்ச் சகதி அவற்றுக்குப் பழகிய வீடு. முதல் குளம் ஆழமாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம் இருக்கலாம். இருக்கலாம் என்பதை இருக்கிறது என்று சொல்ல, குளத்துக்குள் போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

குளம் வெட்டியதோடு வேலை முடிவதில்லை. வாறுகால் வாயில் கம்பி வலை வைத்து, மாட்டுகிற பாலித்தீனைத் தினமும் எடுக்க வேண்டும். கரையோரப் புல்லை வெட்டாவிட்டால் கொசு அங்கே குடியேறும். கரிசல் களி காய்ந்தால் வெடிக்கும் என்பதால் குளத்தை வற்றவிடக் கூடாது. ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை முதல் குளத்தில் சகதி அள்ள வேண்டும். தூய்மைக் காவலர்களுக்கு இந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கையுறையும் கம்பூட்ஸும் கூடுதல் சம்பளமும் கொடுக்க மறந்துவிடுவது நம் வழக்கம்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற கேள்வி, குளத்தை எங்கே வெட்டுவது என்பது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். சாக்கடை பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. குளம் வேண்டுமா என்று கேட்டால் அநேகமாக எல்லாக் கையும் உயரும். இடம் என்று வாயெடுத்தால், "எங்க தெருக் கடைசியில வேண்டாம்ணே" என்று ஒவ்வொரு தெருவும் ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்கி ஒதுங்கி விரல் கடைசியில் சுட்டுகிற இடம், ஊரின் எல்லா வாறுகாலும் காலங்காலமாக எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான். அங்கே காலனி வீடுகள் இருக்கும். அங்கிருந்து வந்த பெண்கள் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கொசுக்கடியும் நாற்றமும் அவர்களுக்குப் புதிதில்லை. குளம் சரியாக வெட்டப்பட்டால் அதிகமாகப் பலன் அடையப்போவதும் அவர்கள்தான், அரைகுறையாக வெட்டிக் கைவிட்டால் அதிகமாக அவதிப்படப்போவதும் அவர்கள்தான். காம்பவுண்டும் கரையும் எவ்வளவு உயரம், வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி, மழை கொட்டினால் வழிகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகும், சகதி அள்ள யார் வருவார்கள் என்று அவர்கள் கேட்கிற நாலு கேள்விக்கும் பதில் எழுதிய தாளைத்தான் முதலில் தீர்மானப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். மதிப்பீடு அதற்குப் பின்னால் வரட்டும்.